வெயிலில் கிடந்த பீர் கெட்டுப்போகுமா? 'கூலிங்' பின்னால் இருக்கும் அறிவியல் என்ன?

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் டாஸ்மாக் கடைகளில் அதிகம் கேட்கும் கேள்வி, "கூலிங் இருக்கா?" என்பதுதான். ஆனால் விற்கும் நேரத்தில் பாட்டில் ஜில்லென்று இருப்பது மட்டும் போதாது. அதற்கு முன் பல வாரங்கள் அது எந்தச் சூட்டில் கிடந்தது என்பதுதான் பீரின் தரத்தை முடிவு செய்கிறது.

பூந்தமல்லியில் இருந்து திருமழிசையைத் தாண்டி திருவள்ளூர் சாலையில் போனால், அரண்வாயலில் யுனைடெட் புரூவரீஸ் நிறுவனத்தின் பீர் ஆலை இருக்கிறது. ஆலை பக்கத்திலேயே இருந்தாலும், பீர் நேராகக் கடைக்கு வந்துவிடாது. லாரி, டாஸ்மாக் குடோன், மறுபடியும் லாரி, கடையில் அடுக்கிய பெட்டி என்று சுற்றித்தான் வரும். சென்னைப் பகுதியில் மே மாதம் பகல் வெப்பம் சராசரியாக 37, 38 டிகிரி செல்சியஸ். ராத்திரியில்கூட 28 டிகிரிக்குக் கீழே பெரிதாக இறங்காது. ஏசி இல்லாத குடோனில் பீர் ஓய்வே இல்லாமல் வெந்துகொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

சூட்டில் பீருக்குள் என்ன நடக்கிறது?

பாட்டிலில் அடைக்கும்போது எவ்வளவு கவனமாக இருந்தாலும் கொஞ்சம் ஆக்சிஜன் உள்ளே தங்கிவிடும். மூடி வழியாகவும் மெல்ல மெல்ல நுழையும். இந்த ஆக்சிஜன் பீரில் உள்ள பொருட்களோடு வினைபுரிந்து, அதைப் பழசாக்குகிறது. நனைந்த அட்டைப்பெட்டி போன்ற வாசனை வருவது இதன் முக்கிய அடையாளம். அதற்குக் காரணமானவற்றில் ஒன்று 'டிரான்ஸ்-2-நானினால்' என்ற வேதிப்பொருள். ஹாப்ஸ் பூவின் நல்ல கசப்பும் மணமும் குறைந்து, திகட்டும் இனிப்பு தலைதூக்கும்.

வெப்பம் ஏற ஏற இந்த வேலை வேகமாக நடக்கும். இதற்கு பீர் தயாரிப்பாளர்களிடம் '3-30-300' என்று ஒரு கணக்கு உண்டு. 32 டிகிரியில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள். மூன்றிலும் பீர் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குப் பழசாகும். இது தோராயமான கணக்குதான். ஆனாலும் நம்ம ஊர் மே மாத வெயிலில் ஒரு வாரம் என்பது ஃப்ரிட்ஜில் பல மாதங்களுக்குச் சமம் என்பது இதிலிருந்து புரியும்.

பாட்டிலில் எக்ஸ்பைரி தேதி இருக்கிறதே?

இந்தியாவில் விற்கும் பாட்டில் பீர்களுக்குப் பெரும்பாலும் 6 மாதம்தான் கெடு. விஸ்கி, பிராந்தி போன்றவற்றுக்கு இந்தக் கெடு கிடையாது. ஆனால் தேதி தாண்டவில்லை என்பதால் மட்டும் பீர் நன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. 5 மாதம் குளிரில் இருந்த பீரைவிட, 1 மாதம் வெயிலில் கிடந்த பீர் மோசமாக இருக்கலாம்.

2020 கொரோனா ஊரடங்கில் இந்தக் கெடு எவ்வளவு முக்கியம் என்பது தெரிந்தது. மார்ச் கடைசியில் மூடப்பட்ட டாஸ்மாக் கடைகள், சென்னை மாநகர காவல் எல்லையில் ஆகஸ்ட் 18-ம் தேதிதான் திறந்தன. கோடை முழுக்க 5 மாதத்துக்குப் பக்கத்தில் கடைகள் பூட்டிக் கிடந்தன என்றால், 6 மாதக் கெடு உள்ள பொருளுக்கு என்ன மிஞ்சும்? அதே நேரம் கோயம்பேட்டில் இருந்து தற்காலிகமாக திருமழிசைக்கு மாற்றப்பட்ட மார்க்கெட்டில், காய்கறிகள் வாடுவதை வியாபாரிகள் கண்ணால் பார்த்தார்கள். பீர் வாடுவது கண்ணுக்குத் தெரியாது. வித்தியாசம் அவ்வளவுதான்.

வெயிலில் கெட்ட பீர் விஷமா?

இல்லை. ஆல்கஹால், ஹாப்ஸ், புளிப்புத் தன்மை, கார்பன் டை ஆக்சைடு எல்லாம் சேர்ந்து நோய்க்கிருமிகளை பீரில் வளர விடுவதில்லை. பாட்டில் பீரை சுமார் 60 டிகிரியில் பாஸ்டரைஸ் செய்தும்தான் அனுப்புகிறார்கள். ருசி கெடும், காசு வீணாகும்.

ருசி மாறியதும் பலரும் 'போலி சரக்கு' என்று சந்தேகப்படுவது உண்டு. வெயிலால் பீரில் மெத்தனால் உருவாகாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது மெத்தனால் கலந்த சாராயம். அந்த மெத்தனாலை ருசி பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சீல் உடைந்த பாட்டில், மூடி தளர்ந்த பாட்டில், கடைக்கு வெளியே விற்கும் பாட்டில் ஆகியவற்றைத் தொடாமல் இருப்பதே பாதுகாப்பு.

வெளிச்சமும் எதிரிதான்

சூட்டைப் போலவே வெயில் வெளிச்சமும் பீரைக் கெடுக்கும். ஹாப்ஸில் உள்ள கசப்புப் பொருள் வெளிச்சம் பட்டு உடைந்து, குமட்டும் கந்தக வாசனை வரும். நேரடி வெயிலில் சில நிமிடங்களே போதும். பழுப்பு நிற பாட்டில் இதை நன்றாகத் தடுக்கும். பச்சை பாட்டில் குறைவாகவே தடுக்கும். கேனுக்குள் வெளிச்சமே போகாது.

ஒருமுறை ஜில் ஆனது சூடாகி, மறுபடி ஜில் ஆனால்?

'கூலிங் விட்டா பீர் போச்சு' என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. குளிர்ந்து, சூடாகி, மீண்டும் குளிர்வதால் மட்டும் பீர் கெடாது. மொத்தமாக எத்தனை நாள் சூட்டில் இருந்தது என்பதுதான் கணக்கு.

ஃப்ரீசரில் வைத்து மறந்துவிடுவது அதைவிட ஆபத்து. சாதாரண பீர் மைனஸ் 2, 3 டிகிரியிலேயே உறையத் தொடங்கும். தண்ணீர் பனியாகும்போது சுமார் 9 சதவீதம் விரியும். பாட்டில் உடைந்துவிடும். மறுபக்கம், 4 டிகிரியில் இருந்து 40 டிகிரிக்குப் போனால் பாட்டிலுக்குள் வாயு அழுத்தம் ஏறத்தாழ 3 மடங்காகும். வெயிலில் நிறுத்திய காரிலோ பைக் பெட்டியிலோ பாட்டிலை விட்டுப்போகக் கூடாது என்பது இதனால்தான்.

குளிருக்காக மலையேறிய பீர்

மெட்ராஸுக்கு இந்தப் பிரச்சனை புதிதல்ல. இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ், அமெரிக்காவில் இருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-ல் கட்டப்பட்டது. குளிர்பதன இயந்திரம் பரவலாகாத காலத்தில் பீர் ஆலைகள் மலையைத் தேடிப் போயின. நீலகிரியில் 1857-ல் தொடங்கிய காசில் புரூவரி அப்படி ஒன்று. தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1915-ல் அதையும் வேறு சில ஆலைகளையும் இணைத்து யுனைடெட் புரூவரீஸைத் தொடங்கினார்.

வாங்குபவர் கவனிக்க வேண்டியவை

* எக்ஸ்பைரியோடு தயாரிப்பு தேதியையும் பார்க்க வேண்டும். எவ்வளவு சமீபமோ அவ்வளவு நல்லது.
* வெயில் படும்படி அடுக்கிய பெட்டியில் இருந்து எடுத்துத் தந்தால் வேறு கேட்கலாம்.
* வீட்டில் ஃப்ரிட்ஜில், 3 முதல் 7 டிகிரியில், நிமிர்த்தி வைப்பது நல்லது.
* 'கூலிங் சார்ஜ்' என்று கேட்டாலும், பாட்டிலில் அச்சிட்ட விலைக்கு மேல் சில்லறைக் கடை வாங்குவது விதிமீறல். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

கடைசியாக ஒன்று. நன்றாகச் சேமித்த பீர் என்றால் ருசி நன்றாக இருக்கும், அவ்வளவுதான். உடலுக்கு நல்லது என்று ஆகிவிடாது. பாதுகாப்பான அளவு என்று மதுவில் எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மது விற்பது சட்டப்படி குற்றம்.