கொண்டுகூட்டும் கைகள்: அறிவியல் புனைவுப் படங்களும் சுவைஞர் மறுதொகுப்பும்

நன்னூலார் கூறும் எண்வகைப் பொருள்கோள்களுள் கொண்டுகூட்டும் ஒன்று. செய்யுளில் சொற்கள் கிடக்கும் முறை ஒன்று. பொருள் விளங்கும் பொருட்டுக் கற்போர் அவற்றை எடுத்துக் கூட்டிக்கொள்ளும் முறை மற்றொன்று. எவ்வளவு கூட்டினாலும் ஏட்டில் பாட்டு இருந்தபடியே இருக்கும். சொற்களின்பால் கற்போர்க்கு உள்ள இவ்வுரிமை காட்சிகளின்பால் காண்போர்க்கும் உண்டா? இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேலைநாட்டுத் திரைப்படச் சுவைஞர் சிலர் இவ்வினாவை ஏட்டில் எழுப்பவில்லை. கத்தரியைக் கையில் எடுத்து எழுப்பினர். வெளிவந்துவிட்ட படத்தைத் தம் வீட்டிலேயே மீண்டும் வெட்டி ஒட்டினர். சில காட்சிகளை நீக்கினர். சிலவற்றை இடம் மாற்றினர். நெடும்படங்களைத் தொலைக்காட்சித் தொடர்போல் பகுதி பகுதியாகப் பிரித்தனர். இம்முயற்சிகளுள் பெரும்பாலானவை அறிவியல் புனைவுப் படங்களைச் சுற்றியே நிகழ்ந்தன. அவ்வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவதே இக்கட்டுரை.

தவணையில் பிறந்த கதை

படத்தைப் பகுதிகளாக்குவது புதுமை என்று நாம் எண்ணுகிறோம். வரலாறு வேறு சொல்கிறது. 1936-இல் அமெரிக்க யூனிவர்சல் நிறுவனம் 'ஃபிளாஷ் கார்டன்' என்னும் விண்வெளிக் கதையைப் பதின்மூன்று பகுதிகளாக வெளியிட்டது. வாரம் ஒரு பகுதி அரங்கிற்கு வரும். கதைத்தலைவன் சாவின் விளிம்பில் நிற்கும்போது பகுதி முடியும். அடுத்த வாரம் அவன் பிழைப்பான். 1938-இல் பதினைந்து பகுதிகளும், 1940-இல் பன்னிரண்டு பகுதிகளும் தொடர்ந்து வந்தன. இத்தொடர்களைச் சுருக்கி முழுநீளப் படங்களாகவும் அந்நிறுவனம் விற்றது. ஆகவே தொடரைப் படமாக்கும் வேலையைத் தொடங்கிவைத்தவர்கள் தயாரிப்பாளர்களே ஆவர்.

பின்னர் இத்தொடர்கள் தொலைக்காட்சியில் மறுபடி காட்டப்பட்டன. அவற்றைப் பார்த்து வளர்ந்த சிறுவர்களுள் ஒருவர் 1944-இல் பிறந்த ஜார்ஜ் லூகாஸ். வளர்ந்தபின் 'ஃபிளாஷ் கார்டன்' கதையையே படமாக்க விரும்பினார். உரிமை கிட்டவில்லை. எனவே தாமே ஒரு கதை புனைந்தார். அதுவே 1977 மே மாதம் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்'. திரையின் அடியிலிருந்து எழுந்து தொலைவில் மறையும் முன்கதை எழுத்துகள் 1940-ஆம் ஆண்டுத் தொடரின் நேரடி மரபு. 1981-இல் அப்படம் மீண்டும் அரங்கிற்கு வந்தபோது 'நான்காம் பகுதி' என்னும் தலைப்பும் அவ்வெழுத்துகளில் சேர்ந்தது. தொடரின் குழந்தையாகிய அப்படத்தைச் சுவைஞர்கள் பிற்காலத்தில் மறுபடி தொடராக்கியது, ஆறு தன் ஊற்றைத் தேடியது போன்றது எனலாம்.

உரியவர் அல்லாதார் கத்தரி

படைத்தவர் விருப்பத்திற்கு மாறாகப் படத்தை வெட்டும் வழக்கத்தைச் சுவைஞர் தொடங்கவில்லை, வணிகர் தொடங்கினர். ஃபிரிட்ஸ் லாங் இயக்கிய 'மெட்ரோபோலிஸ்' 1927 ஜனவரி 10 அன்று பெர்லினில் முதன்முதலாகக் காட்டப்பட்டபோது ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஓடியது. அமெரிக்க வெளியீட்டிற்காக அதனைச் சுருக்கும் பணி சானிங் போலக் என்னும் நாடக ஆசிரியரிடம் சென்றது. கதையின் வேராக அமைந்த 'ஹெல்' என்னும் பெண்ணின் பெயர் ஆங்கிலத்தில் நரகத்தைக் குறிக்கும் சொல்லை நினைவூட்டும் என்று அப்பாத்திரத்தையே அவர் நீக்கினார். இறந்த அப்பெண்ணின்மேல் கொண்ட காதலே இயந்திரப் பெண்ணைப் படைக்கும் அறிவியலாளனைத் தூண்டியது. அவள் நீங்கவே, அவன் செயலுக்குக் காரணம் இல்லாமற் போயிற்று. ஒரு பெயரின் ஒலிக்கு அஞ்சி ஒரு கதையின் உயிரை எடுத்த நிகழ்ச்சி இது.

வெட்டப்பட்ட பகுதிகள் அழிந்தன என்றே உலகம் பல்லாண்டுகள் நம்பியது. 2008-இல் அர்ஜென்டினத் தலைநகர் புவனஸ் அயர்ஸின் திரைப்பட அருங்காட்சியகத்தில், ஏறத்தாழ முழுமையான ஒரு பதினாறு மில்லிமீட்டர் படி கிடைத்தது. கீறல் விழுந்து நைந்திருந்த அப்படியைக் கொண்டே 2010-இல் பெர்லினில் மீட்டமைத்த படம் திரையிடப்பட்டது. செல்லரித்த சுவடிகளைத் தேடி ஊர் ஊராக நடந்தவர்களின் வரலாற்றைப் பயின்ற நமக்கு இச்செய்தியின் அருமையை விளக்க வேண்டுவதில்லை.

தொலைக்காட்சி நிறுவனங்களும் தம் பங்கிற்குக் கத்தரி எடுத்தன. டேவிட் லிஞ்ச் இயக்கிய 'டூன்' 1984-இல் 137 நிமிடப் படமாக வெளிவந்தது. 1988-இல் யூனிவர்சல் அதனை மூன்று மணி நேரத்திற்கு மேல் நீட்டி, தொலைக்காட்சியில் இரண்டு பகுதிகளாகக் காட்டச் செய்தது. ஓவியங்களைக் காட்டிக் கதை சொல்லும் முகவுரை ஒன்றும் முன்னே ஒட்டப்பட்டது. லிஞ்ச் தம் பெயரை நீக்கிக்கொண்டார். இயக்குநர் என்ற இடத்தில், படத்தைத் தம்முடையது என்று ஏற்க மறுத்த அமெரிக்க இயக்குநர்கள் வழங்கிவந்த 'ஆலன் ஸ்மித்தி' என்னும் புனைபெயர் இடம்பெற்றது. திரைக்கதை ஆசிரியர் பெயர் 'ஜூடாஸ் பூத்' என்றாயிற்று. இயேசுவைக் காட்டிக்கொடுத்தவன் பெயரும் லிங்கனைச் சுட்டவன் பெயரும் அதில் இணைந்திருந்தன. ஒரு கலைஞனின் சினம் முழுதும் அவ்விரு சொற்களில் அடங்கியிருந்தது. 2025 ஜனவரியில் லிஞ்ச் மறைந்தார். அரங்கில் வந்த படத்தையும் தொலைக்காட்சி வடிவத்தையும் நீக்கப்பட்ட காட்சிகளையும் ஒப்பிட்டுச் சுவைஞர் ஒருவர் மூன்று மணி நேர அளவில் தொகுத்த வடிவம், அலுவல்முறை வடிவத்தைவிடக் கதையோட்டத்தில் சீராக இருப்பதாகப் பலரும் கருதுகின்றனர்.

இரு கருவிகளும் ஒரு கடிகாரமும்

சுவைஞர் கையில் கத்தரி வந்த வழி தனி வரலாறு. அதில் பெண்களின் பங்கு பெரிது என்பது பலரும் அறியாதது. 1975-இல் காண்டி ஃபாங் என்னும் பெண்மணி, 'ஸ்டார் டிரெக்' தொடரின் கழிக்கப்பட்ட படச்சுருள் துண்டுகளிலிருந்து எடுத்த நிலைப்படங்களை ஒரு பாட்டின் போக்கிற்கேற்ப ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் வீசிக் காட்டினார். எறிந்த துண்டுகளைப் பொறுக்கித் தொடுத்த மாலை அது. இவ்வகைக் கலையின் தோற்றுவாயாக ஆய்வாளர் இதனைக் கொள்வர்.

அதே 1975-இல் சோனி நிறுவனத்தின் பீட்டாமாக்ஸ் கருவியும் அடுத்த ஆண்டில் வி.எச்.எஸ். முறையும் வந்தன. 1980களில், பெரும்பாலும் பெண்களே, இரண்டு பதிவுக்கருவிகளை இணைத்துக்கொண்டு வேலை செய்தனர். ஒன்று ஓடும், மற்றொன்று பதியும். பதியும் கருவி ஒவ்வொரு முறையும் சற்றே பின்னோக்கிச் சுழன்ற பிறகே பதிவைத் தொடங்கும். அந்தப் பின்வாங்கலை நிறுத்துகடிகாரம் வைத்துக் கணக்கிட்டு வெட்டவேண்டும். படியெடுக்கப் படியெடுக்க உருவம் மங்கும். அம்மங்கலைத் 'தலைமுறை' என்னும் சொல்லாலேயே அளந்தனர்: இரண்டாம் தலைமுறைப் படி, மூன்றாம் தலைமுறைப் படி என்று. 1992-இல் வெளிவந்த ஹென்றி ஜென்கின்ஸின் ஆய்வுநூல் இச்சுவைஞர்களைப் பிறர் காட்டில் வேட்டையாடுவோருக்கு ஒப்பிட்டது. ஆயினும் வேட்டைக்காரன் கொண்டுசெல்வது காட்டில் குறையும். இவர்கள் எடுத்ததால் மூலத்தில் ஒன்றும் குறையவில்லை.

சட்டமும் இக்காலத்தில் ஒரு வாயிலைத் திறந்தது. தொலைக்காட்சி நிகழ்ச்சியை வீட்டில் பதிந்து பிறகு பார்ப்பது குற்றமாகாது என்று 1984 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐவர்க்கு நால்வர் என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. பதிந்ததை வெட்டித் தொகுக்கலாமா என்ற வினாவிற்கு அத்தீர்ப்பு விடை தரவில்லை.

ஆசிரியரே இடைச்செருகினால்?

1988 மார்ச்சில் ஜார்ஜ் லூகாஸ் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் தோன்றினார். கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வண்ணம் பூசி உருமாற்றும் வணிகரைக் கண்டித்து, கலைப்படைப்புகள் ஒரு சமுதாயத்தின் உடைமை என்ற கருத்தை வலியுறுத்தினார். அவ்வாண்டே திரைப்படப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1989-இல் காக்கத்தக்கவை எனத் தேர்ந்த முதல் இருபத்தைந்து படங்களுள் அவருடைய 'ஸ்டார் வார்ஸ்' படமும் ஒன்று.

1997-இல் அதே லூகாஸ் அதே படத்தைப் புதுக்கி வெளியிட்டார். கணினி வரைந்த விலங்குகள் புகுந்தன; நீக்கியிருந்த ஒரு காட்சி சேர்ந்தது; விடுதியில் ஹான் சோலோ முதலில் சுடும் காட்சி, எதிரி முதலில் சுடுவதாக மாறியது. தன்னலம் உடைய ஒருவன் பண்பட்டு உயர்வதே அப்பாத்திரத்தின் வளர்ச்சி. தொடக்கத்திலேயே அவனை நல்லவனாக்கினால் அவ்வளர்ச்சிக்கு இடமேது? சுவைஞர் சினந்தனர். 1977-ஆம் ஆண்டு வடிவம் கடைகளிலிருந்து மறைந்ததே பெருங்குறை. 2006-இல் குறுகிய கால வெளியீடாக அது குறுந்தகட்டில் வந்தபோதும், பழைய ஒளித்தட்டிற்கென ஆக்கிய தரம் குறைந்த படியே கிடைத்தது. ஆகவே சுவைஞர்கள் தாமே மீட்புப்பணியில் இறங்கினர். ஒரு சாரார் கிடைத்த வடிவங்களை எல்லாம் ஒப்புநோக்கிக் காட்சிக்குக் காட்சி பழைய படத்தைக் கட்டினர். மற்றொரு சாரார் அக்கால முப்பத்தைந்து மில்லிமீட்டர் படிகளைத் தேடிப் பிடித்துக் கணினியில் ஏற்றினர். 2025 ஜூனில் பிரித்தானியத் திரைப்படக் கழகம் இலண்டனில் 1977-ஆம் ஆண்டுப் படி ஒன்றைத் திரையிட்டது. அரிய சுவடி ஒன்றின் காட்சிக்கு நிகராக அது பேசப்பட்டது.

இடைச்செருகலைப் பிறர் செய்தால் களைகிறோம். ஆசிரியரே செய்தால் எது மூலபாடம்? பதிப்பாசிரியர்களை வருத்திய இவ்வினா திரைப்படத்திற்கும் வந்துசேர்ந்தது.

1999-இல் 'தி ஃபேண்டம் மெனஸ்' வந்தது. அடுத்த ஆண்டுகளில் அதன் வேறொரு வடிவம் வி.எச்.எஸ். நாடாக்களில் கைக்குக் கை மாறியது. ஏறத்தாழ இருபது நிமிடங்கள் குறைந்திருந்தன. ஜார் ஜார் பிங்க்ஸ் என்னும் கோமாளிப் பாத்திரத்தின் சேட்டைகளும் விளக்கம் மிகுந்த உரையாடல்களும் நீங்கியிருந்தன. தொடக்க எழுத்துகளில் தொகுத்தவர் தம் நோக்கத்தை எழுதியிருந்தார், பெயரைச் சொல்லவில்லை. 2001-இல் அவர் வெளிப்பட்டார்: கலிபோர்னியாவைச் சேர்ந்த படத்தொகுப்பாளர் மைக் ஜே. நிக்கோல்ஸ். அதே பெயருடைய புகழ்பெற்ற இயக்குநர் வேறு, இவர் வேறு. முதலில் பொறுத்திருந்த லூகாஸ் நிறுவனம், படிகள் பெருகியபின் உரிமையை நினைவூட்டி எச்சரித்தது.

பகுதியாக்கும் கலை

இம்மறுதொகுப்பு மரபில் கிளைத்த ஒன்றே நெடும்படங்களைத் தொலைக்காட்சித் தொடராக்கும் முயற்சி. இதனை வெறும் துண்டாடல் என்று கருதுவது பிழை. அமெரிக்க வணிகத் தொலைக்காட்சியில் ஒரு மணி நேர நிகழ்ச்சியின் கதைப்பகுதி நாற்பத்தைந்து நிமிடத்திற்குள் அடங்கும். இரண்டேகால் மணி நேரப் படத்திற்கு மூன்று பகுதிகள் என்று கணக்கு சொல்லும். கதை அவ்வாறு ஒத்துக்கொள்ளாது. திரைப்படம் ஒரே சிகரத்தை நோக்கி ஏறுவது. தொடரின் ஒவ்வொரு பகுதிக்கும் சிறு சிகரம் ஒன்று வேண்டும். இறுதியில் ஒரு வினாவும் தொங்கவேண்டும்.

மேற்கூறிய 1999-ஆம் ஆண்டுப் படத்தையே எடுத்துக்கொள்வோம். கதை நபூ என்னும் கோளில் தொடங்கி, டாட்டூயின் பாலைக்குச் சென்று, கோரசான்ட் தலைநகர் வழியாக மீண்டும் நபூவை அடைகிறது. நிலம் மாறும் இடங்களே இயல்பான மடிப்புகள். திணை மாறப் பாட்டு மாறுவதை அறிந்த நமக்கு இது வியப்பன்று. ஆனால் இறுதிப் போர் நான்கு களங்களில் ஒரே நேரத்தில் பின்னிப் பின்னி நிகழ்கிறது. ஒரு களத்தைப் பிரித்தெடுத்தால் மற்ற மூன்றும் சரியும். ஆகவே கடைசிப் பகுதி கனக்கும், நடுப்பகுதி மெலியும். அதனைச் சமன் செய்வதில்தான் தொகுப்பவரின் கைத்திறன் தெரியும்.

காட்சியைவிடக் கடினம் ஓசை. ஜான் வில்லியம்ஸின் இசை காட்சி மாறியும் அறுபடாது ஓடும். வெட்டிய இடத்தில் இசை திடுமென நின்றால் செவி உடனே கண்டுகொள்ளும். குறுந்தகடுகளில் ஓசை பல தடங்களாகப் பிரிந்து, உரையாடல் பெரும்பாலும் நடுத்தடத்தில் அமைந்ததே இவர்கட்கு உதவிற்று. நடுத்தடத்தை அடக்கினால் பேச்சு நீங்கும், இசை நிற்கும். சொல்லை எடுத்துவிட்டுச் சந்தத்தை மட்டும் காப்பது எத்துணை அரிது என்பதைக் கவிஞர்கள் அறிவர்.

காலம் இம்முயற்சிகளைப் பின்தொடர்ந்தது எனலாம். 2021-இல் சாக் ஸ்னைடரின் 'ஜஸ்டிஸ் லீக்', சுவைஞர்கள் பல்லாண்டு வேண்டியதன் பயனாக, நான்கு மணி நேர அளவில் தலைப்பிட்ட பகுதிகளோடு வந்தது. எதிர்த்திசையிலும் கத்தரி ஓடியது. 2022-இல் ஆறு பகுதிகளாக வந்த 'ஓபி-வான் கெனோபி' தொடரைச் சுவைஞர் ஒருவர் இரண்டரை மணி நேரப் படமாகச் சுருக்கினார்.

உரிமையும் அறமும்

2015 ஜனவரியில் இயக்குநர் ஸ்டீவன் சோடர்பெர்க், ஸ்டான்லி குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்தை 110 நிமிடங்களாகத் தொகுத்துப் பொதுவில் வைத்தார். வார்னர் நிறுவனமும் குப்ரிக் குடும்பத்தின் சொத்துரிமையாளரும் கேட்டுக்கொள்ள, நீக்கிக்கொண்டார். 1968-இல் முதற்காட்சிக்குப் பின் குப்ரிக் தாமே ஏறத்தாழ பத்தொன்பது நிமிடங்களை வெட்டினார் என்பதையும் ஈண்டு நினையவேண்டும். படைத்தவனுக்கும் படைப்பு முடிந்துவிடுவதில்லை.

ஆயின் எல்லாக் கத்தரியும் ஒன்றா? மெட்ரோபோலிஸை வெட்டியவர்களும் 1997-இல் புதுக்கியவரும் தம் வடிவமே மக்கள் காணும் வடிவமாக இருக்கும்படி செய்தனர். மூலம் மறைந்தது. சுவைஞர் மறுதொகுப்போ மூலத்தின் அருகில் நிற்பது. இது மறுதொகுப்பு என்று தன்னை அறிவித்துக்கொள்வது. மூலத்தைக் காண்க என்று கைகாட்டுவது. முன்னது அழிப்பு, பின்னது உரை. உரையாசிரியர் பிழைபடலாம், சில வேளை மூலத்தைவிடத் தம்மையே பெரிதும் பேசலாம். அது சுவைக்குறையே தவிர மூலத்திற்குக் கேடன்று. விலைக்கு விற்கத் தொடங்கும் நாளில் மட்டும் அது வேறாகிவிடும். பிறர் படங்களைத் திருத்தி விற்ற நிறுவனம் ஒன்றின்மேல் 2006-இல் கொலராடோவின் கூட்டாட்சி நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் இவ்வெல்லையைத் தெளிவாக்கியது.

பத்தாண்டுகளாக ஒருவர் கவிதையை மற்றொருவர் கேட்டு, வரி நீக்கச் சொல்லியும் அடி மாற்றச் சொல்லியும் பழகிய வட்டம் நம்முடையது. அக்கூட்டங்களில் திருத்தம் சொன்னவர் எவரும் கவிஞரின் கைப்படியைக் கிழித்ததில்லை. காதலோடு கைவைப்பவர்க்கும் உரிமையோடு அழிப்பவர்க்கும் உள்ள வேறுபாடு அதுதான். படைப்பு எவ்வடிவில் வழங்கினும் வழங்குக; அதன் முதல் வடிவம் எங்கோ ஓரிடத்தில், கேட்பார்க்குக் கிடைக்கும்படி இருக்கவேண்டும்.