உணவிலும் குருதியிலும் நுண்தனிமங்கள்: பிளாஸ்மா நிறமாலை அளவீடு

அரிசி, மஞ்சள், மீன், குருதி போன்றவற்றில் மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும் ஈயம், ஆர்சனிக், காட்மியம், செலினியம் முதலிய தனிமங்களை அளக்கும் முறை பிளாஸ்மா நிறமாலை அளவீடு. ரேடியோ அலையின் ஆற்றலால் ஆர்கான் வளிமம் 6,000 முதல் 10,000 கெல்வின் வரை சூடேறிப் பிளாஸ்மாவாகிறது. அதனுள் தெளிக்கப்படும் கரைசல் அணுக்களாகவும் அயனிகளாகவும் சிதைகிறது. அணுக்கள் உமிழும் ஒளியை அளப்பது ஐசிபி-ஓஇஎஸ். அயனிகளை நிறைவாரியாகப் பிரித்து எண்ணுவது ஐசிபி-எம்எஸ். 1980-இல் அறிமுகமாகி 1983-இல் சந்தைக்கு வந்த இக்கருவி, நூறு கோடியில் ஒரு பங்கு (பிபிபி) அளவையும் அதற்குக் கீழும் காட்டும்.

முடிவின் நம்பகத்தன்மை பெரும்பாலும் கருவிக்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. அரை கிராம் அரிசி மாவு நைட்ரிக் அமிலத்துடன் டெஃப்ளான் குடுவையில் மூடப்பட்டு, மைக்ரோவேவ் அடுப்பில் 200 டிகிரி செல்சியஸ் அளவில் கரைக்கப்படுகிறது. அமிலத்திலோ குடுவையிலோ ஈயம் ஒட்டியிருந்தால் அது அரிசியின் கணக்கில் சேர்ந்துவிடும். ஆகவே மாதிரி இல்லாத வெற்றுக் கரைசலும், அளவு சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டுப் பொருளும் ஒவ்வொரு தொகுதியிலும் உடன் சோதிக்கப்படுகின்றன.

கருவாடு, ஊறுகாய் போன்ற உப்பு மிகுந்த உணவுகளில் வேறொரு சிக்கல் எழுகிறது. 40 நிறையுள்ள ஆர்கானும் 35 நிறையுள்ள குளோரினும் இணைந்து 75 ஆகின்றன; ஆர்சனிக்கின் நிறையும் அதுவே. ஹீலியம் நிரம்பிய மோதல் அறையில் பருத்த கூட்டயனி கூடுதலாக மோதி, ஆற்றலிழந்து தடுக்கப்படுகிறது. ஈயத்துக்கு 206, 207, 208 ஆகிய மூன்று ஐசோடோப்புகளையும் கூட்டுவது வழக்கம். ஏனெனில் தாதுவுக்குத் தாது அவற்றின் விகிதம் மாறும்.

மொத்த ஆர்சனிக் எவ்வளவு என்பது மட்டும் போதாது. கடல் மீனில் பெரும்பாலும் தீங்கற்ற ஆர்சனோபீட்டைன் உள்ளது. அரிசியில் கனிம வடிவமே கவலைக்குரியது. தீட்டிய அரிசிக்குப் பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் விதித்த வரம்பு, கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் கனிம ஆர்சனிக். இவ்வடிவங்களைப் பிரிக்க நிறப்பிரிகைக் கருவி முன்னால் இணைக்கப்படுகிறது.

குருதியைப் பொதுவாக அமிலத்தில் கரைக்காமல் நீர்க்கச் செய்தே செலுத்துகிறார்கள். குரோமியம், நிக்கல் அளக்கையில் எஃகு ஊசியே மாசின் ஊற்றாகலாம். 2009-இல் வெளியான ஆய்வொன்று, சென்னையில் 3 முதல் 7 வயதுள்ள 756 குழந்தைகளிடம் சராசரியாக டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம் ஈயம் இருந்ததைக் காட்டியது. அமெரிக்காவின் இன்றைய ஒப்பீட்டு அளவு 3.5 மட்டுமே. ஈயம் பிஞ்சு மூளையைப் பாதிக்கும் நஞ்சு என்பதால் இவ்வளவு நுணுக்கம் தேவைப்படுகிறது.

அளவீட்டின் சட்ட முக்கியத்துவத்தை 2015-இன் மேகி நூடுல்ஸ் வழக்கு காட்டியது. 2.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வரம்புக்கு எதிராக ஒரு மாதிரியில் 17.2 பிபிஎம் ஈயம் இருந்ததாகக் கொல்கத்தா ஆய்வகம் தெரிவித்தது. ஜூனில் தமிழகம் மூன்று மாதத் தடை விதித்தது. நாடு முழுவதற்குமான தடையும் வந்தது. சோதித்த ஆய்வகங்கள் உரிய அங்கீகாரம் பெறாதவை என்று கூறி, ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றம் தடையை நீக்கியது. ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார அமைப்பான என்ஏபிஎல்-இன் அங்கீகாரம் பெற்ற மூன்று ஆய்வகங்களில் மறுசோதனை நடத்தவும் உத்தரவிட்டது. அங்கே சோதிக்கப்பட்ட 90 மாதிரிகளிலும் ஈயம் வரம்புக்குள் இருந்தது.