ஜூயியில் அச்சான சீட்டி

தன்னை உருவாக்கிய தொழிலைத் தன் மீதே சித்திரமாகத் தாங்கி நிற்கும் துணி ஒன்று உண்டு. பிரான்ஸ் தேசத்தில், வெர்சேல்ஸ் அரண்மனைக்கு அணித்தாக உள்ள ஜூயி என்னும் சிற்றூரில் 1783-ஆம் ஆண்டு அச்சிடப்பெற்ற அத்துணியில், ஆற்றுநீரில் பருத்தித் துணியை அலசுவோரும், புல்வெளியில் அதை விரித்து வெளுப்போரும், மேசையில் பரப்பிய துணிமீது அச்சுக்கட்டையைப் பதித்துத் தட்டுவோரும், தூரிகை ஏந்திய பெண்களும், கொப்பரையில் சாயம் காய்ச்சுவோரும் தனித்தனிக் காட்சிகளாகத் தோன்றுகிறார்கள். அதை வரைந்தவர் ழான்-பத்தீஸ்த் உவே என்ற ஓவியர். வரையச் செய்தவர் அத்தொழிற்சாலையின் அதிபர் கிறிஸ்தோஃப்-பிலிப் ஓபர்காம்ஃப். மன்னர்களின் வெற்றிகளையும் தேவதைகளின் லீலைகளையும் திரைச்சீலைகளில் கண்டு பழகிய பிரபுக்களின் மாளிகைகளில், கைத்தொழிலாளரின் உருவங்கள் கட்டில் விதானத்திலும் சாளரத் திரையிலும் இடம் பெற்றன என்பதை நினைக்கும்போதெல்லாம் என் உள்ளம் நெகிழ்கிறது.

அத்துணிக்கு முன்னோர் சோழமண்டலக் கரையில் இருந்தார்கள். பதினேழாம் நூற்றாண்டில் கப்பலேறிச் சென்ற நம் சீட்டித் துணிகள், துவைத்தாலும் வெயிலில் உலர்த்தினாலும் மங்காத வர்ணத்தாலும், பட்டுக்கும் கம்பளிக்கும் இல்லாத இலேசான தன்மையாலும், பிரெஞ்சுச் செல்வர்களின் மனத்தை முற்றிலும் கவர்ந்துவிட்டன. பட்டு நெய்வோரும் கம்பளி நெய்வோரும் முறையிடவே, 1686-இல் அரசாங்கம் அத்துணிகளை இறக்குமதி செய்வதையும், உள்நாட்டிலேயே அவற்றைப் போல அச்சிடுவதையும் ஒருங்கே தடைசெய்தது. எழுபத்து மூன்று ஆண்டுகள் நீடித்த அத்தடை, ஆசையைத் தணிப்பதற்குப் பதிலாக வளர்க்கவே செய்தது. மன்னன் பதினைந்தாம் லூயியின் பிரியநாயகியான மதாம் த பொம்பதூரே தன் மாளிகையைத் தடைசெய்யப்பட்ட துணிகளால் அலங்கரித்திருந்தாள் என்றால், சட்டத்தின் வலிமையை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

ஆயினும், விரும்புவது வேறு, செய்யத் தெரிவது வேறு. மார்சேய்த் துறைமுகத்துக்கு வந்த அர்மீனியரிடம் 1670-களில் பிரெஞ்சுக்காரர்கள் சிறிது கற்றிருந்தார்கள். முழு ரகசியமும் எட்டாமலே இருந்தது. 1734-இல் பொலியே என்ற கப்பல் அதிகாரி, விஞ்ஞானி த்யுஃபேயின் வேண்டுகோளுக்கு இணங்கி, புதுச்சேரியில் தம் கண்ணெதிரிலேயே ஒரு துணியைத் தீட்டச் செய்து, ஒவ்வொரு கட்டமும் முடிந்தபின் ஒரு துண்டைக் கத்தரித்து எடுத்துத் தம் குறிப்புகளுடன் சேர்த்தார். கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் துணியை ஊறவைத்தல், இரும்புக் காடியால் கருங்கோடு இடுதல், சிவக்க வேண்டிய இடத்தில் படிகார நீரைத் தீட்டுதல், பின்பு சாயவேருடன் சேர்த்துக் கொதிக்கவைத்தல் என வரிசையாக அந்தத் துண்டுகள் பேசுகின்றன. படிகாரம் தொட்ட இடத்தில் மட்டுமே சிவப்பு ஊன்றி நிற்கும். மற்ற இடத்தில் அலசினால் போய்விடும். துணியில் எழுதுவது சாயத்தை அல்ல, சாயத்தைப் பற்றிக்கொள்ளும் சக்தியைத்தான் என்ற நுட்பத்தை நம் சித்திரக்காரர்கள் எந்த ரசாயன நூலையும் துணைகொள்ளாமலே அறிந்திருந்தார்கள். 1742-இல் கேர்தூ என்ற ஏசுசபைப் பாதிரியாரும் இவ்வித்தையைக் குறித்து இங்கிருந்து விரிவாகக் கடிதம் எழுதினார்.

தடை நீங்கியது 1759-இல். அதற்கு முந்திய ஆண்டில்தான், வூர்ட்டம்பர்க் நாட்டுச் சாயக்காரர் ஒருவரின் மகனான ஓபர்காம்ஃப், இருபது வயது இளைஞனாகப் பாரிஸுக்கு வந்து சேர்ந்திருந்தார். பியேவ்ர் என்னும் சிற்றாறு ஓடும் ஜூயிப் பள்ளத்தாக்கைத் தேர்ந்து, ஒரு சிறு வீட்டில் குடியேறி, 1760 மே முதல் நாளன்று முதல் துணியை அச்சிட்டார். செதுக்குவதும் அச்சிடுவதும் சாயமேற்றுவதும் தாமே செய்யவல்ல முதலாளி அவர். சகோதரன் ஃபிரெடெரிக் வந்து சேர்ந்துகொண்டான். உடன்பிறந்தாள் மகனான சாமுவேல் விட்மேர் அங்கேயே வளர்ந்து, பேராசிரியர் பெர்த்தொலேயிடம் ரசாயனம் பயின்று, தொழிற்சாலையின் மூளையாக விளங்கினான். மாமனும் மருமகனும் ஒரே சாயக்கொப்பரையின் அருகே நின்று உழைத்த இக்குடும்பம்தான், 1783-இல் ‘அரசத் தொழிற்சாலை’ என்ற விருதைப் பெற்றது.

ஜூயித் துணி என்றவுடன், வெண்மையில் ஒரே சிவப்பாலோ நீலத்தாலோ தீட்டிய கிராமக் காட்சிகளே பலருக்கு நினைவு வரும். 1770-இல் கையாளத் தொடங்கிய செப்புத் தகட்டின் பயனாக வந்த அச்சித்திரங்கள் அழகானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அங்கே உருவான முப்பதாயிரம் மாதிரிகளுள் மிகப் பெரும்பாலானவை மரக்கட்டையால் அச்சிட்ட கொடிகளும் மலர்களுமே. அவற்றில் நம் கரையின் சாயல் இன்னும் அழியாமல் இருக்கிறது. அத்துணிகளில் அச்சு முடிந்தபின் நீலத்தையும் மஞ்சளையும் பெண்கள் வரிசையாக அமர்ந்து தூரிகையால் நிரப்பினார்கள். பச்சை வேண்டுமாயின் நீலத்தின்மேல் மஞ்சளைப் பூசவேண்டும். அச்சுக்கு உரிய வெள்ளைத் துணியும் நெடுங்காலம் இந்தியாவிலிருந்தே, லோரியான் துறைமுகத்தின் வழியாகச் சென்றது.

1797-இல் துணியில் அச்சிடும் செப்பு உருளை ஜூயிக்கு வந்தது. 1806 ஜூனில் நெப்போலியன் ஜூயிக்கு வந்து, தன் மார்பிலிருந்த பதக்கத்தையே கழற்றி ஓபர்காம்ஃபுக்கு அணிவித்தான். ஆனால் அதே ஆண்டு பிப்ரவரியில் அயல்நாட்டுப் பருத்தித் துணிகளைத் தடுத்து ஆணை பிறப்பித்தவனும் அவனே. நம் வெண்துணியின் வழி அடைபட்டதால், எஸொன் என்னும் ஊரில் ஓபர்காம்ஃப் குடும்பம் நிறுவிய நூற்பாலையே அக்குறையை ஈடுசெய்ய வேண்டியதாயிற்று. யுத்தம் வாணிபத்தைச் சிதைத்தது. 1815-இல் நெப்போலியனை எதிர்த்த நேச நாட்டுப் படைகள் பள்ளத்தாக்கில் புகுந்து தொழில் நின்றிருந்த அவ்வேளையில், அக்டோபரில் ஓபர்காம்ஃப் காலமானார். மகன் எமீல் சில ஆண்டுகள் நடத்திக் கைமாற்றினான். 1843-இல் கதவு மூடப்பட்டது.

நீண்ட துணிச்சுருள் ஒவ்வொன்றின் ஓரத்திலும், ‘ஜூயி, ஓபர்காம்ஃப், சாயம் உறுதியானது’ என்ற வாசகம் அச்சிடப்பட்டிருந்தது. திரை தைப்பவர்கள் வெட்டி நீக்கிவிடக்கூடிய ஓரம் அதுவே. அவ்வாறு நீக்கப்படாமல் தப்பிய சில ஓரங்களில், அந்த எழுத்துக்கள் இன்றும் தெளிவாகப் படிக்கும்படி நிற்கின்றன.