செக்ரோலில் இல்லாத நாள்

என் பாட்டி சிங்கப்பூரைப் பார்த்தது ஒரே ஒரு நாள். 1950களின் நடுப்பகுதி. ஜொகூரில், லாயாங் லாயாங் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்வெட்டிக்கொண்டிருந்தார். சீட்டு எடுத்த பணத்தில் லயத்துக் குடும்பங்கள் நாலைந்து ஒன்றாகச் சேர்ந்து விடியற்காலை ரயிலேறினார்கள். அன்று ராத்திரியே திரும்பிவிட்டார்கள். மறுநாள் விடியுமுன் பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டுமே! அந்த ஒரு நாளைப் பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

சின்ன வயதில் எனக்கு அந்தக் கதை சலித்துப்போயிருந்தது. தோட்ட வரலாற்றைப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் அது எங்கேயும் எழுதப்படாத கதை என்று உறைத்தது. நம் புத்தகங்களில் கப்பல் இருக்கிறது, கங்காணி இருக்கிறார், மலேரியா, சயாம் மரண ரயில், தோட்டத் துண்டாடல் எல்லாம் இருக்கின்றன. அவை எழுதப்படத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பக்கங்களில் ஒரு தோட்டத் தமிழர் ராட்டினத்தில் ஏறிச் சிரிப்பதைப் பார்க்கவே முடிவதில்லை.

பாட்டி போன தண்டவாளமும் அவருக்காகப் போடப்பட்டதல்ல. ரப்பரும் ஈயமும் துறைமுகம் போய்ச் சேரவேண்டும் என்பதுதான் மலாயா ரயிலின் முதல் கவலை. 1923இல் ஜொகூர் பாலத்தின் மேல் ரயில் ஓடத் தொடங்கியது. அதுவரை நீரிணையைப் படகில்தான் கடக்கவேண்டும். 1932இல் தஞ்சோங் பாகார் நிலையம் திறக்கப்பட்டது. அதன் பெரிய கூடத்துச் சுவர்களில் மலாயாவின் தொழில்களைச் சித்திரங்களாக வைத்திருந்தார்கள். நெல் நடுகிறார்கள், ஈயம் எடுக்கிறார்கள், ரப்பர் மரம் சீவுகிறார்கள். ஒரு நாளாவது பால்மரத்தை மறந்திருக்கலாம் என்று வந்தவர்களை, இறங்கிய இடத்திலேயே பால்மரம் வரவேற்றிருக்கிறது!

இதைப் பாட்டியிடம் ஒருமுறை கேட்டேன். "அதெல்லாம் யாருடா பார்த்தா? கூட்டத்துல பிள்ளையத் தொலைச்சிறக் கூடாதேன்னு கையப் புடிச்சிக்கிட்டு ஓடுனோம்" என்றார். வரலாற்று மாணவனுக்குத் தெரியும் முரண் அன்றைக்குப் பயணம் போனவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அந்தக் காலச் சிங்கப்பூரில் மூன்று 'உலகங்கள்' இருந்தன. 1923இல் ஓங் பூன் தாட், ஓங் பெங் ஹோக் சகோதரர்கள் ஜாலான் புசாரில் தொடங்கியது நியூ வோர்ல்ட். 1931இல் கிம் செங் சாலையில் கிரேட் வோர்ல்ட். 1936இல் கேலாங் பக்கம் ஹேப்பி வோர்ல்ட். ஒரே வளாகத்துக்குள் சினிமாக் கொட்டகை, பங்சாவான் நாடகம், சீனக் கூத்து, ரோங்கெங் ஆட்டம், குத்துச்சண்டை, ராட்டினம், சாப்பாட்டுக் கடை எல்லாம். காலனிக் காலத்து ஆடம்பர கிளப்புகள் தோலின் நிறத்தைப் பார்த்தே உள்ளே விட்டன. இந்த வாசல்களில் டிக்கெட் கேட்டார்கள், அவ்வளவுதான். சீனர், மலாய்க்காரர், தமிழர், விடுமுறையில் வந்த சிப்பாய் எல்லாரும் ஒரே விளக்கொளியில் நடந்தார்கள்.

எல்லாரும் சமமாகிவிட்டார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. டிக்கெட்டுக்கும் காசு வேண்டும். 1928இல் முக்கிய வட்டாரங்களில் தோட்டத் தொழிலாளிக்கு வகுக்கப்பட்ட தரக்கூலி, நாளொன்றுக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ரப்பர் விலை சரிந்தபோது அதையும் வெட்டினார்கள். பிறகு போர் வந்தது. ஜப்பானியர் கிரேட் வோர்ல்டைப் போர்க்கைதி முகாமாக்கினார்கள். போர் முடிந்த பின் அதே வளாகத்தில்தான், பிழைப்புத் தேடி வந்த தாரா சிங் என்ற பஞ்சாபி இளைஞர் மல்யுத்தம் பழகினார்.

பாட்டி கிரேட் வோர்ல்டில் ராட்டினம் ஏறினார். ஆனால் அவர் மனதில் தங்கியது வேறொரு இடம். பாசிர் பாஞ்சாங்கில் உள்ள டைகர் பாம் தோட்டம். ரங்கூனில் பிறந்த தைல வியாபாரி ஆவ் பூன் ஹாவ், தம்பிக்காகக் கட்டிய மாளிகையைச் சுற்றி 1937இல் உருவாக்கியது. சீனப் புராணக் கதைகளைச் சிமெந்துச் சிலைகளாக வடித்திருப்பார்கள். நுழைவு இலவசம். அதனாலேயே ஏழைக் குடும்பங்களின் பயணத்தில் அதற்கு எப்போதும் இடமுண்டு. அங்கே பத்து நரகங்கள் உண்டு. பாவிகளை அறுப்பதும் அரைப்பதும் சிலையாக நிற்கும்.

"அங்க நம்ம எமதர்மராசா ஒக்காந்திருக்காருடா. மொகந்தான் சீனமா இருந்துச்சு!" என்பார் பாட்டி.

நாங்கள் சிரிப்போம். பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது, பாட்டி சொன்னது சரி. சீனர்களின் நரக அரசன் யென்லோ, பௌத்தத்தோடு இந்தியாவிலிருந்து போன யமராஜன்தான். எழுதப் படிக்கத் தெரியாத பால்வெட்டுக்காரர் ஒரே பார்வையில் ஆளை அடையாளம் கண்டுவிட்டார்.

1963இல் தொலைக்காட்சி வந்தது. 1965இல் சிங்கப்பூர் தனி நாடானது, 1967இல் பாலத்தில் குடிநுழைவுச் சோதனை தொடங்கியது. பாட்டி இன்னொரு முறை போகவில்லை. 'உலகங்கள்' ஒவ்வொன்றாக மூடின. நியூ வோர்ல்ட் இருந்த இடத்தில் இப்போது சிட்டி ஸ்குவேர் மால், பழைய நினைவுக்கு ஒரு வாசல் மட்டும் நிற்கிறது. கிரேட் வோர்ல்டும் பேரங்காடியாகி, 2022இல் திறந்த எம்ஆர்டி நிலையத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறது. தஞ்சோங் பாகாரிலிருந்து கடைசி ரயில் 2011 ஜூன் 30 அன்று கிளம்பியது. டைகர் பாம் தோட்டம் மட்டும் ஹாவ் பார் வில்லா என்ற பெயரில் இன்னும் இருக்கிறது.

தோட்டத்தில் யார் வேலைக்கு வந்தார்கள் என்பதைக் கிராணி செக்ரோலில் குறிப்பார். வராதவருக்கு அன்றைய கூலி இல்லை. பாட்டி சிங்கப்பூரில் இருந்த அந்த நாளில் அவர் பெயருக்கு நேரே 'ஆப்சன்ட்' என்று விழுந்திருக்கும். ஒரு மனுஷி தன் ஆயுளில் அதிகமாகச் சிரித்த நாளைப் பற்றி ஆவணம் வைத்திருக்கக்கூடியது அவ்வளவுதான். கூலிக் கணக்கை மட்டும் வைத்து நம் வரலாற்றை எழுதினால் இவர்கள் வேலை செய்ததும் செத்ததும் மட்டுமே மிஞ்சும்.

போன மாதம் நான் அந்தப் பத்து நரகங்களுக்குப் போயிருந்தேன். இப்போது அந்தப் பகுதிக்கு டிக்கெட் வாங்கவேண்டும். செல்போனில் நிறையப் படம் எடுத்தேன். பாட்டியின் பயணத்துக்கு ஒரு படம்கூடக் கிடையாது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நாளைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும் ஒருவர் இருப்பார். அடுத்தமுறை சொல்லும்போது சலித்துக்கொள்ளாமல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எமனின் முகம் எப்படி இருந்தது என்றும் கேளுங்கள்.