விரலைக் கேட்டு அமைந்த எண்பலகை

பயனர் அனுபவம் என்னும் சொல்லை டொனால்ட் நார்மன் 1993-இல் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்தபோது தம் பதவிப் பெயரிலேயே இடம்பெறச் செய்த பிறகுதான் அது ஒரு தொழிலின் பெயராகப் பரவியது. ஆயினும், ஒரு கருவியை வடிவமைக்கும் முன் அதைக் கையாளப்போகிறவரின் கண்ணையும் காதையும் விரலையும் நினைவாற்றலையும் அளந்தறிய வேண்டும் என்ற அத்தொழிலின் அடிப்படை, அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்பே அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வேர்விட்டிருந்தது.

அங்கே அதை வளர்த்தவர்களுள் முதன்மையானவர் ஜான் கார்லின். 1918-இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, உளவியலோடு இசையும் பயின்று, வயலினிலும் தேர்ந்திருந்த அவர், 1945-இல் பொறியாளர்களும் இயற்பியலாளர்களும் நிறைந்த அந்த ஆய்வகத்தில் உளவியலாளராகச் சேர்ந்தார். மனித உடலின், மனத்தின் இயல்புகளுக்கேற்பக் கருவிகளை அமைக்கும் துறையான மனிதக் காரணிப் பொறியியலுக்கு அங்கே தனிப் பிரிவு உருவானதில் அவர் பங்கு பெரிது.

அவருடைய அணுகுமுறையைக் காட்ட ஒரு வெள்ளைப் புள்ளி போதும். 1949-இல் வந்த 500 என்னும் மாதிரித் தொலைபேசியில், விரல் மறைக்காமல் தெரியட்டும் என்று எண்களைச் சுழல்வட்டின் துளைகளுக்கு வெளியே நகர்த்தியிருந்தார்கள். எண்கள் தெளிவாகத் தெரிந்தன. ஆனால் சுழற்றும் வேகமோ குறைந்தது. வெறுமையாகிவிட்ட துளையில் விரலுக்கு இலக்கு இல்லாமற்போனதே காரணம் என்று கண்டு, ஒவ்வொரு துளைக்கும் அடியில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்ததும் இழந்த வேகம் திரும்பியது.

சுழல்வட்டுக்கு மாற்றாகப் பொத்தான்கள் வரவிருந்தபோது, அவற்றை எவ்வரிசையில் வைப்பது என்ற கேள்வியையும் இவ்வாறே சோதனைக்கு விட்டார்கள். மேரி லட்ஸ், அல்போன்ஸ் சபானிஸ் ஆகிய இருவரும் 1955-இல் வெளியிட்ட ஆய்வில், எண் எழுதாத வெற்றுப் பொத்தான்களின் படங்களைப் பலரிடம் கொடுத்து, எந்த எண் எங்கே இருக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள் என நிரப்பச் சொன்னபோது, புத்தகம் படிப்பதுபோல் இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் எண்களை அடுக்கும் போக்கே மேலோங்கியிருந்தது. பின்னர், கார்லினின் பிரிவைச் சேர்ந்த ரிச்சர்ட் டைனிங்கர் வட்டம், குறுக்கு வடிவம், ஐந்தைந்தாக இரு வரிசை எனப் பல அமைப்புகளை மக்களைக் கொண்டே அழுத்திப் பார்க்கச் செய்து, எடுத்த நேரம், நேர்ந்த பிழை, அவரவர் விருப்பம் ஆகிய மூன்றையும் பதிந்து 1960-இல் முடிவுகளை வெளியிட்டார். முன்னணியில் நின்ற சில அமைப்புகளுக்கிடையே வேறுபாடு மிகச் சிறிதே என்று ஒளிவின்றிச் சொன்னதுதான் அவ்வாய்வின் பெருமை. அதனால், மூன்று மூன்றாக அடுக்கிக் கீழே 0 வைக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுப்பதில் கட்டுமான வசதிக்கும் இடம் கிடைத்தது. 1963 நவம்பர் 18 அன்று பென்சில்வேனியா மாநிலத்தில் பத்துப் பொத்தான்களோடு அது வணிகப் பயன்பாட்டுக்கு வந்தது. நட்சத்திரக் குறியும் சதுரக் குறியும் பின்னரே சேர்ந்தன.

கணக்கிடும் இயந்திரங்களோ 7, 8, 9 ஆகியவற்றை மேல்வரிசையில் வைக்கும் தம் பழைய வழக்கை விடவில்லை. எனவே இன்று ஒரே கைப்பேசித் திரையில், அழைப்புக்குரிய எண்பலகை 1-இல் தொடங்க, கணக்கிடும் செயலி 7-இல் தொடங்குகிறது. விரல் இரண்டுக்கும் பழகியிருக்கிறது.