கரையும் காகிதமும்: சுற்றாடல் தாக்க மதிப்பீடுகளை வரலாற்று மூலங்களாக வாசித்தல்

இலங்கை முஸ்லிம்களின் வரலாற்றை எழுதப் புறப்படுவோர் வழக்கமாகத் தேடிப்போகும் மூலங்கள் சில உண்டு. ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகள், பிரித்தானிய நிர்வாக அறிக்கைகள், பள்ளிவாசல் பதிவேடுகள், காணி உறுதிகள், அறபுத்தமிழ் ஏடுகள் என்பன அவை. இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டிய இன்னொன்றையும் இக்கட்டுரையில் முன்வைக்கிறேன். அது சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை. துறைமுகமோ, அனல் மின்நிலையமோ, குப்பை நிரப்பு நிலமோ ஓர் ஊருக்கு வருமுன் அந்த ஊர் எப்படி இருந்தது, வந்தபின் என்னவாகும் என்று அதிகாரிகள் கணித்தார்கள், ஊரார் என்ன சொன்னார்கள் என்ற மூன்றும் ஒரே கோப்பில் கிடைக்கக்கூடிய ஆவணம் இது. தமிழ் படித்த ஒரு வாத்தியாருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். ஒரு பிரதியை அதன் காலத்தோடும் இடத்தோடும் சேர்த்து வாசிக்கத்தானே நாங்கள் படித்தோம்.

சட்டம் வந்த வழி

இம்முறையின் தொடக்கம் அமெரிக்காவில். அங்கு 1970 ஜனவரி 1ஆம் திகதி கையொப்பமான தேசிய சுற்றாடல் கொள்கைச் சட்டமே பெரிய திட்டமொன்றைத் தொடங்குமுன் அதன் விளைவுகளை எழுத்தில் வைக்க வேண்டும் என்ற கடமையை முதலில் விதித்தது. இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டம் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கு வழிவகுத்தது. ஆயினும் தாக்க மதிப்பீடு என்ற ஏற்பாடு முதலில் நுழைந்தது அதன் வழியாக அல்ல. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்க கரையோரம் பேணல் சட்டத்தின் வழியாக. உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றரும், தாழ்நீர் மட்டத்திலிருந்து கடற்பக்கம் 2 கிலோமீற்றரும் கரையோர வலயம் என்று அச்சட்டம் வரையறுத்தது. கிழக்கிலும் வடமேற்கிலும் நம்மவர்களின் கரைவலை வாடிகளும், தென்னந்தோட்டங்களும், சில ஊர்களில் பள்ளிவாசல்களும்கூட இந்த 300 மீற்றருக்குள்தான் இருக்கின்றன.

1988ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கத் திருத்தம் இக்கடமையை நாடு முழுவதற்கும் விரித்தது. எந்தெந்தத் திட்டங்களுக்கு மதிப்பீடு தேவை என்பதை 1993 ஜூன் 24ஆம் திகதிய 772/22ஆம் இலக்க அதிவிசேட வர்த்தமானி பட்டியலிட்டது. ஒரு ஹெக்டயருக்கு மேற்பட்ட காட்டை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுதல், 4 ஹெக்டயருக்கு மேற்பட்ட ஈரநிலத்தை நிரப்புதல், 100 குடும்பங்களுக்கு மேல் விருப்பத்துக்கு மாறாக இடம்பெயர்த்தல் என்பன அதில் அடங்கும். அவசர நிலைமைகளில் நடக்கும் மீள்குடியேற்றத்துக்கு விதிவிலக்கு உண்டு. முழுமையாகக் கரையோர வலயத்துக்குள் அமையும் திட்டங்களைக் கரையோரச் சட்டமே ஆளுகிறது.

அறிக்கை தயாரானதும் வர்த்தமானியிலும், சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வர வேண்டும். பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாட்கள். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின், சிறிய அறிக்கையான ஆரம்ப சுற்றாடல் பரிசோதனைக்கு அந்த 30 நாள் கருத்துரைக் கட்டாயம் இல்லை. ஆகவே ஊருக்கு ஒரு திட்டம் வருகிறது என்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “எந்த அறிக்கை?” என்பதுதான்.

கிரிந்தையும் ஒலுவிலும்

மதிப்பீட்டை மதிப்பிடுவது எப்படி? இரண்டு துறைமுகங்களை வைத்துப் பார்ப்போம்.

மலாய் முஸ்லிம்கள் வாழும் தென்கரை ஊரான கிரிந்தையில் 1980களின் நடுப்பகுதியில் ஜப்பானிய உதவியுடன் மீன்பிடித் துறைமுகமொன்று கட்டப்பட்டது. கட்டி முடிந்த கொஞ்ச காலத்திலேயே அதன் வாயை மணல் மூடியது. கரையோரமாக மணல் நகர்ந்துகொண்டே இருக்கும். குறுக்கே அலைதடுப்பைக் கட்டினால் அது ஒரு பக்கம் குவியும், மறுபக்கம் கரை குறையும். இந்தப் பாடம் இலங்கைக்குள்ளேயே படிக்கக் கிடைத்தது.

ஒலுவில் துறைமுகம் மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃப் அவர்கள் துறைமுக அமைச்சராக இருந்த காலத்துக் கனவு. டென்மார்க் நாட்டுக் கடனுதவியுடன் 2008இல் வேலை தொடங்கி, 2013 செப்டெம்பர் 1ஆம் திகதி திறக்கப்பட்டது. அந்தக் கரையில் மணலின் நிகர ஓட்டம் தெற்கிலிருந்து வடக்கு நோக்கியது. அலைதடுப்புகள் எழுந்தபின் தெற்கே மணல் குவிந்தது, வடக்கே கரை அரிக்கப்பட்டது. துறைமுக வாயிலும் மணல் அடைத்து, படகுகள் வெளியேற முடியாத காலங்கள் வந்தன. “தெற்கால வாற மண்ண மறிச்சா வடக்கால கரை தின்னும்” என்று எங்கள் பக்கத்துக் கரைவலைக்காரர் ஒருவர் எனக்கு ஒரே வசனத்தில் சொன்னார். பொறியியலாளர் வரைபடம் போட்டுச் சொல்வதும் இதைத்தான்.

கரையோரக் காணி உறுதிகளை எடுத்துப் பாருங்கள். நான்கு எல்லைகளில் கிழக்கு எல்லை “கடல்” என்று இருக்கும். உறுதியில் பரப்பளவு அப்படியே இருக்கிறது. எல்லைதான் உள்ளே வந்துவிட்டது. அந்த இழப்பை அளந்து சொல்ல வேண்டுமானால், முன்பு கரை எங்கே இருந்தது என்ற பதிவு வேண்டும். அந்தப் பதிவு இருக்க வேண்டிய இடம் மதிப்பீட்டு அறிக்கை.

எதைக் கேட்டு வாசிப்பது?

இவ்வறிக்கையில் என்ன இருக்க வேண்டும் என்பதைத் தேசிய சுற்றாடல் சட்டமே சொல்கிறது. தவிர்க்கக்கூடிய, தவிர்க்கமுடியாத பாதிப்புகள் எவை? பாதிப்புக் குறைந்த மாற்று வழிகள் எவை? அவற்றை ஏன் கைவிட்டார்கள்? மீளப்பெற முடியாமற் போகும் வளங்கள் எவை? என் அனுபவத்தில் மூன்றாவது கேள்விக்கான பக்கங்களைத்தான் முதலில் புரட்ட வேண்டும். மாற்று வழிகள் பெயருக்கு இரண்டு பந்தியில் முடிந்திருந்தால், இடத்தை முதலில் தீர்மானித்துவிட்டு அறிக்கையைப் பிறகு எழுதியிருக்கிறார்கள் என்று ஐயுற இடமுண்டு. அடுத்து, அடிப்படைத் தரவு எந்தப் பருவத்தில் எடுக்கப்பட்டது என்று பாருங்கள். வாடைக்காற்றுக் காலத்துக் கடலும் சோழகக்காற்றுக் காலத்துக் கடலும் ஒன்றல்ல.

மொழியும் ஒரு சான்று. ஓர் அலுவலகத்தில் நான் புரட்டிய அறிக்கையில் தமிழ்ச் சுருக்கம் சில பக்கங்களே இருந்தது. அட்டவணைகளும் வரைபடங்களும் ஆங்கிலத்தில் மட்டும். 30 நாட்களில் பாதியை அதைப் புரிந்துகொள்ளவே ஊரார் செலவழிக்க வேண்டியிருக்கும்.

காகிதத்தால் பயனில்லை என்று சொல்வோருக்கு எப்பாவலையைச் சுட்டுவேன். அநுராதபுர மாவட்டத்தின் பொஸ்பேற்று அகழ்வுத் திட்டத்தை எதிர்த்து அப்பகுதி வாசிகள் உயர் நீதிமன்றம் சென்றனர். முறையான ஆய்வும் சட்டப்படியான தாக்க மதிப்பீடும் இன்றித் திட்டம் நகரக்கூடாது என்று 2000ஆம் ஆண்டில் தீர்ப்பானது. நீதியரசர் அமரசிங்க தீர்ப்பில் பழைய நீர்ப்பாசன வரலாற்றையே சான்றாக எடுத்தாண்டார். ஊர் வரலாறு வழக்குமன்றத்தில் எடைபோடப்படும் என்பதற்கு இது போதும்.

ஒலுவில், நுரைச்சோலை, அருவக்காலு ஆகிய மூன்றும் நம் காலத்திலேயே நடந்தவை. அவற்றின் அறிக்கைகள், பத்திரிகை அறிவித்தல்கள், ஊரார் அனுப்பிய கடிதங்களின் பிரதிகள், கரையின் பழைய புகைப்படங்கள், மீனவரின் வாய்மொழிகள் எல்லாவற்றையும் இப்போதே சேர்க்க வேண்டும். பாடசாலை நூலகத்தில் ஓர் அலுமாரி போதும். உயர்தர மாணவர் ஒவ்வோர் ஆண்டும் ஒரே இடத்தில் நின்று, நிலையான ஓர் அடையாளத்திலிருந்து கரை வரை அளந்து திகதியோடு எழுதலாம். அறிவித்தல் வந்தால் அதை ஜும்ஆவுக்குப் பின் வாசித்துக் காட்டும் வழக்கத்தை மஹல்லா நிர்வாகங்கள் ஏற்படுத்தலாம். அடுத்த திட்டத்துக்கான 30 நாட்கள் தொடங்கும்போது நம் கையில் அளவுகள் இருக்க வேண்டும்.