ஓராண்டு ஆசிரியர்: மெக்சிகோவின் சிற்றூர்ப் பள்ளிகளில் தன்னார்வக் கற்பித்தல்

முறையான பயிற்சி பெறாத ஒருவர் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தலாமா? கிராமப்புறத் தன்னார்வக் கற்பித்தல் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியோடு நின்றுவிடுகின்றன. மெக்சிகோவில் ‘கொனாஃபே’ எனப்படும் தேசியக் கல்வி மேம்பாட்டு மன்றம் அரை நூற்றாண்டாக நடத்திவரும் சமூகப் பள்ளிகளை ஆராய்ந்தால், பயிற்சிக் குறைவைவிட ஆசிரியர் ஊரில் நிலைக்காததே பெரிய இழப்பு என்பது புலப்படும்.

2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மெக்சிகோவில் 1,92,000க்கு மேற்பட்ட குடியிருப்புகள் இருந்தன. அவற்றுள் 1,88,000க்கு மேற்பட்டவற்றில் 2,500 பேருக்கும் குறைவானவர்களே வாழ்ந்தார்கள். மலைச்சரிவில் பத்துப் பதினைந்து வீடுகள் மட்டுமே உள்ள ஊருக்கு வகுப்புக்கொரு ஆசிரியரை அனுப்ப எந்த அரசாலும் இயலாது. 1971இல் தொடங்கப்பட்ட கொனாஃபே இதற்கு ஒரு வழி கண்டது. இடைநிலைக் கல்வியை முடித்த இளைஞர்கள் சில வாரப் பயிற்சியோடு இத்தகைய ஊர்களுக்குப் போகிறார்கள். தங்க இடமும் உணவும் ஊராரின் பொறுப்பு. பல ஊர்களில் குடும்பங்கள் முறைவைத்துச் சோறு போடுகின்றன. ஓராண்டு பணி செய்தவருக்கு 30 மாதமும், ஈராண்டு செய்தவருக்கு 60 மாதமும் மேற்படிப்பு உதவித்தொகை என்பது நெடுங்காலம் இருந்துவந்த ஏற்பாடு. இந்த இளைஞர்களில் பலர் தாங்களே சிற்றூர்களில் பிறந்தவர்கள். இந்த உதவித்தொகை இல்லையென்றால் அவர்களில் பலரது படிப்பு அத்தோடு நின்றிருக்கும்.

பயிற்சிக் குறைவை ஈடுகட்ட ஒரு சிறந்த கருவி உருவாயிற்று. 1980களின் இறுதியில் வெளிவந்த ‘உரையாடலும் கண்டறிதலும்’ என்ற கையேட்டுத் தொகுதிதான் அது. தொடக்கப்பள்ளியின் ஆறு வகுப்புகளை அது மூன்று நிலைகளாக்கியது. ஒவ்வொரு நிலையும் ஈராண்டு. ஒரே அறையில் எல்லாரும் சேர்ந்து பேசியும் வாசித்தும் நாளைத் தொடங்கினார்கள். பிறகு எழுத்தறியாத சிறுவர்களோடு ஆசிரியர் அமர, மூன்றாம் நிலைப் பிள்ளைகள் பணி அட்டைகளை வைத்துத் தாமே கணக்குப் போட்டார்கள்; முடித்தவர் சின்னவர்களுக்கு உதவப் போனார். அந்த வயதில் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்க நேர்வது பெரும் பேறு என்றே நான் கருதுகிறேன். ஆசிரியர் எல்லாம் அறிந்தவராக இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையை இம்முறை நீக்கிவிட்டது. பின்னாளில் கல்வியாளர் கப்ரியேல் காமரா வளர்த்தெடுத்த துணைக்கற்றல் முறையும் இதே வழியில் மேலும் சென்றது. அதில் ஒரு பொருளை நன்கு கற்றவர் அதை இன்னொருவருக்குக் கற்பிக்கிறார்; தான் கற்ற விதத்தை ஊரார் முன் விளக்கவும் செய்கிறார்.

அப்படியிருந்தும் நாடளாவிய தேர்வுகளில் சமூகப் பள்ளிப் பிள்ளைகள் பின்தங்கியே வந்திருக்கிறார்கள். ‘ஏழைக்கு ஏழைக் கல்வி’ என்று விமர்சகர்கள் இதைச் சாடுகிறார்கள். வறுமைக்கும் தனித்தொதுங்கிய வாழ்வுக்கும் இதில் பங்குண்டு; ஆனால் அமைப்புக்குள்ளேயே ஒரு முரண் இருக்கிறது. பாடநிலை ஈராண்டு, பணிக்காலமோ ஓராண்டு. எந்தப் பிள்ளை எந்த எழுத்தில் தடுமாறுகிறது, எந்தப் பிள்ளை அறுவடைக் காலத்தில் பள்ளிக்கு வராது என்பதையெல்லாம் புரிந்துகொண்ட வேளையில் அந்த இளைஞர் ஊரைவிட்டுப் போய்விடுகிறார். புதிதாக வருபவர் முதலிலிருந்து தொடங்குகிறார். எவ்வளவு நல்ல கையேடும் இந்த அறிவை அவருக்குத் தந்துவிட முடியாது.

நிகராகுவாவில் 1980 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பல்லாயிரம் மாணவர்கள் கிராமங்களில் தங்கி எழுத்தறிவித்ததை எதிர்ச்சான்றாகக் காட்டலாம். குறுகிய காலத்தில் பெரும்பயன் விளைந்தது உண்மைதான். ஆனால் அந்த இயக்கத்தின் நோக்கம் ஒன்றே ஒன்று: முதன்மையாகப் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தருவது. ஒரு குழந்தையின் ஆறாண்டுப் பள்ளிப்படிப்புக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. ஆசிரியர் ஊரில் நிலைக்காததே இழப்பு என்ற வாதம், சில வாரங்களுக்கு வந்துபோகும் வெளிநாட்டுத் தன்னார்வலர்களுக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். அவர்கள் வகுப்பைத் தம் கையில் எடுப்பதைவிட, அங்கேயே தங்கியிருக்கும் இளைஞருக்குத் துணைநிற்பதே தகும்.

பணிக்காலத்தின் கீழ்வரம்பு ஒரு பாடநிலையின் அளவுக்கு, அதாவது ஈராண்டாக, உயர வேண்டும். இதற்கான விலையை இளைஞர்கள் தலையில் சுமத்தக் கூடாது. அவர்களுக்குத் தரும் மாதப்படி வாழ்வதற்குப் போதுமானதாக இருக்க வேண்டும். உதவித்தொகை உரிய காலத்தில் வந்துசேர வேண்டும். ஈராண்டுப் பணி ஆசிரியர் பயிற்சிப் பள்ளிச் சேர்க்கையில் தகுதியாகக் கணக்கிடப்பட வேண்டும். மெக்சிகோ அரசியலமைப்பின் மூன்றாம் பிரிவு எல்லாப் பிள்ளைகளுக்கும் உறுதியளிக்கும் கல்வி, பத்து வீடுள்ள ஊரின் பிள்ளைக்கும் உரியது. அதற்கான செலவை ஏற்க வேண்டியது அரசுதான்.